பிரேக் டிஸ்க், எண்ணிக்கை இரண்டு

1

சென்ற செவ்வாய்க்கிழமை என் காரை வருடாந்தரப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். இங்கிலாந்தில் பழைய கார்களுக்கெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சடங்கு உண்டு. சான்றிதழ் இல்லாமல் தெருவில் இறக்க முடியாது. பரிசோதகர் முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பிரேக் டிஸ்க்கின் உள்பக்கம் முழுக்கத் துரு.

"இந்தக் காரை நீங்கள் ஓட்டுவதே இல்லையா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்கு ஓட்டுவேன் என்றேன். கோவில் எவ்வளவு தூரம் என்றார். சொன்னேன். சிரித்தார். அந்தத் தூரத்துக்குப் பிரேக் சூடாகக்கூட நேரம் இருக்காதாம். சான்றிதழ் தரவில்லை.

ஊரில் இதைப் படிக்கும் உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ரோட்டில் ஓடும் கார்களுக்குப் பிரேக் ஒரு டிரம்முக்குள் மூடியிருக்கும். இங்கே ஓடும் கார்களில் முன்சக்கரத்துக்கு டிஸ்க். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வட்டமான இரும்புத் தட்டு அது. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கட்டைகள் வந்து அதை இறுக்கிப் பிடிக்கும். தட்டு திறந்து கிடப்பதால் ஈரக்காற்று பட்டாலே ஒரே நாளில் துரு ஏறும். பயப்பட ஒன்றுமில்லை, காரை எடுத்து நாலு தடவை பிரேக் போட்டால் கட்டையே அதைத் துடைத்துவிடும். ஆனால் வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் துரு இரும்பைத் தின்று குழிபறிக்கும். மாதக்கணக்கில் நிறுத்தினால் கட்டையும் தட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓடாத காருக்குத்தான் இந்த வியாதி.

இது எனக்கு நன்றாகவே தெரியும். ஹல் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் நான். அதற்கு முன் தூத்துக்குடி பழைய துறைமுகத்து ஒர்க் ஷாப்பில் அதே வேலை. இரும்பையும் உப்புக்காற்றையும் பார்த்தே வளர்ந்தவன். தெரிந்திருந்தும் ஒரு காரை ஐந்து வருஷம் நிறுத்தி வைத்தேன். அல்லது, நிறுத்தி வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

எழுபத்து மூன்றில், இன்னும் இரண்டே வருஷத்தில் ஊர் திரும்பிவிடுவோம் என்று என் மனைவி மேரியிடம் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் ஒரு சின்ன நீலநிறக் காரை வாங்கிக் கப்பலில் ஏற்றி, லீவில் நானும் போய் இறக்கினேன். நான் வருமுன் என் கார் போய் எனக்காக ஊரில் காத்திருக்க வேண்டும் என்று ஆசை. வெளிநாட்டுக் காரை இறக்குவதற்கு எத்தனை மனு, எத்தனை ரப்பர் ஸ்டாம்ப்! குறித்த காலம் முடியும்வரை யாருக்கும் விற்கமாட்டேன் என்று பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கடற்கரைத் தெருவில் எங்கள் வீட்டில் தங்கை பிலோமினா இருந்தாள். அவள் கணவர் அந்தோணிக்குக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் தோணியில் வேலை. போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். முற்றத்து ஓரத்தில் ஓலைக்கொட்டகை போட்டுக் காரை உள்ளே விட்டேன். சாவியை அவள் கையில் கொடுத்து, "வாரம் ஒருநாள் எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் பண்ணு. ரோட்டுல எடுக்கக் கூடாது. யாரு கேட்டாலும் கொடுக்கக் கூடாது" என்றேன்.

எழுபத்தைந்தில் போனபோது கார் கண்ணாடிபோல் மின்னியது. பிலோமி சனிக்கிழமைதோறும் துடைத்திருக்கிறாள். ஆனால் கார் நகரவில்லை. கடல் எங்கள் வீட்டுக்கு எதிரே. இரண்டு வருஷக் காற்றில் டிஸ்க் இரண்டும் செங்கல் நிறமாகி, கட்டைகள் அதோடு ஒட்டிக் கிடந்தன. சுத்தியலால் தட்டித்தான் பிரித்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஓடும்படி செய்வதற்குள் லீவில் பாதி போய்விட்டது.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிலோமி ஒருநாள் கேட்டாள்:

"அண்ணே, ஓடாமக் கெடந்ததாலதான இப்படி ஆயிருக்கு? நான் ஓட்டிப் பழகட்டுமா?"

நான் சிரித்தேன். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. சிரித்தேன்.

"நீயா? கடற்கரைத் தெருவுல பொம்பள கார் ஓட்டுனா எல்லாரும் வேலைய விட்டுட்டு வேடிக்கை பாப்பாங்க. பழையபடி துடைச்சு மட்டும் வை, போதும்."

அவள் கையில் இருந்த துணியை உதறிவிட்டு உள்ளே போனாள்.

3

இரண்டு வருஷம் என்றது ஐந்தாயிற்று. மேரிக்கு ஆஸ்பத்திரியில் வேலை நிரந்தரமானது. மகன் வெள்ளைக்காரப் பையன்களோடு பந்து விளையாடப் போனான். வீட்டுக்கு வரும்போது அவர்கள் பேச்சோடு வந்தான். மகள் ரீட்டா தமிழைப் புரிந்துகொள்வாள், பதிலை இங்கிலீஷில்தான் சொல்வாள். ஒருநாள் சாப்பாட்டின்போது ஊரில் இருக்கும் காரின் பிரேக் 'சீஸ்' ஆகிவிடும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இறுகிப்போவதையும் நின்றுபோவதையும் குறிக்கும் இரண்டு இங்கிலீஷ் சொற்கள் என் நாக்கில் ஒன்றுபோலவே வரும். ரீட்டா நிதானமாக என் உச்சரிப்பைத் திருத்தினாள். பிறகு கேட்டாள்: "நாம் போகப்போவதே இல்லை, இல்லையா அப்பா? பிறகு அந்தக் கார் யாருக்கு?"

இங்கிலீஷில் கேட்டதால் புரியாததுபோல் இருந்துவிட்டேன். அவள் நம்பவில்லை.

நான் மாதம் ஒரு நீல ஏர்மெயில் கடிதம் பிலோமிக்கு எழுதுவேன். முதல் வரி நலமா. இரண்டாவது வரி கார் எப்படி இருக்கிறது. அவளும் எழுதுவாள்: கார் நன்றாக இருக்கிறது, துடைத்து வைத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு லீவு கிடைத்தது. டிஸ்க் இந்த முறை சுத்தமாகப் போயிருக்கும் என்று எண்ணி, புதிதாக இரண்டு டிஸ்க்கும் இரண்டு ஜதை கட்டைகளும் வாங்கிப் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே வைத்தேன். மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அறிக்கைத் தாளில் 'டிஸ்க், எண்ணிக்கை இரண்டு' என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"ரெண்டே ரெண்டு இசைத்தட்டுதானா சார்? என்ன பாட்டு?"

"பாட்டு இல்ல சார். பிரேக்."

பெட்டியைத் திறந்து ஒன்றைத் தூக்க முயன்றார். கனத்தில் கை தாழ்ந்தது. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மூன்று பேருக்கும் மூன்று தடவை, சக்கரம் சுற்றுவதையும் கட்டை பிடிப்பதையும் கையால் நடித்துக் காட்டி வெளியே வருவதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

4

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போனேன். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. விலக்கினால், வழக்கம்போல் பளபளப்பு. மைல் காட்டும் மீட்டரைப் பார்த்தேன். நான் விட்டுப்போன எண் அப்படியே நின்றது. திருப்தியாக இருந்தது. ஜாக்கியைப் போட்டு முன்சக்கரத்தைக் கழற்றினேன்.

டிஸ்க்கில் பொட்டுத் துரு இல்லை. வெள்ளிக்காசுபோல் மின்னியது. விரலால் தடவினேன். நடுவில் தேய்ந்து, விளிம்பில் வரப்புபோல் ஒரு மேடு. தட்டு முழுவதும் இசைத்தட்டுக் கோடுபோலக் கீறல்கள். நின்ற காரில் இப்படி ஆகாது. ஆயிரக்கணக்கான மைல் ஓடினால்தான் ஆகும். மீட்டரின் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். கேபிளைக் கழற்றி, முனையைத் துணியால் சுற்றி ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தார்கள்.

"ஏளா பிலோமி, இங்கன வா."

மீன் கழுவிக்கொண்டிருந்த கையோடு வந்தாள். கழற்றிய சக்கரத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இதை யாரு ஓட்டுதா?"

"நாந்தான் ஓட்டுதேன்."

"எம்புட்டு நாளா?"

"போன தடவ நீ பிளேன் ஏறுனியே, அதுக்கு மறுமாசத்துல இருந்து. இந்தா பக்கத்துல புதுக்கோட்டையில ஒர்க் ஷாப் வச்சிருக்காகளே தங்கராஜ் அண்ணாச்சி, அவுககிட்டப் பழகுனேன். லைசென்ஸ் வச்சிருக்கேன். இன்னும் ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"ஓட்டி எங்க போறே?"

"ஏரலுக்கு. வாழைக்கா, வெத்தலை, காய்கறி. மாசத்துல ரெண்டு நாள் விளாத்திகுளம், வத்தல் வாங்க. புதுத் துறைமுகத்துக்கு வார கப்பலுக்கெல்லாம் நான்தான் அண்ணே காய்கறி கொடுக்கேன். எங்க வீட்டுக்காரவுக தோணியில இருந்து ஒரு கப்பல் சமையல்காரரைச் சொல்லிவிட்டாக. அவரு இன்னொருத்தரைச் சொன்னாரு. இப்போ துறைமுக கேட்ல இருக்கவங்க எல்லாருக்கும் என் காரைத் தெரியும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உன் காரு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பத்திரம் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். எங்காவது மோதியிருந்தால் என்ன ஆகும் என்றேன். ஊரெல்லாம் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் வைத்திருக்கிறாயே என்று கத்தினேன். அதுதான் உண்மையில் சுட்டது. பூசையில் பார்த்தவர்கள், தெருவில் விசாரித்தவர்கள், எனக்குக் கடிதம் எழுதும் நண்பர்கள், ஒருவர்கூட மூச்சுவிடவில்லை. எல்லாரும் அவள் பக்கம் நின்றிருக்கிறார்கள்.

பிலோமி கத்தவில்லை. "நீ கேக்கவே இல்லையே அண்ணே. காரு எப்படி இருக்குன்னு மாசாமாசம் கேட்டே. நாங்க எப்படிப் பொழைக்கோம்னு ஒரு தடவ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

பேச்சை மாற்றினேன். "கட்டை எங்க வாங்குனே?" என்று கேட்டேன்.

"இதுக்கு எங்கயும் கிடைக்கல. அண்ணாச்சி லாரி பிரேக் லைனிங்கை வெட்டி ஒட்டிக் கொடுத்தாக."

லாரி லைனிங் முரடு. அதுதான் தட்டைத் தின்றிருக்கிறது. "இனி இதை எடுக்கக் கூடாது. புதுசு மாட்டணும்."

"மாட்டு. ஆனா நாளைக்குக் காலையில ஏரல் போயாகணும். மத்தியானத்துக்குள்ள கப்பல்ல சரக்கு ஏறணும். சொன்ன வாக்கு."

அன்று மாலையே மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. கோபத்தில் சக்கரத்தை மட்டும் திரும்பப் பூட்டிவிட்டு, பெட்டியில் இருந்த புது டிஸ்க்கைத் தொடாமல் இருந்தேன். பிரேக் இல்லாமல் எப்படிப் போகிறாள் பார்ப்போம் என்று ஓர் அற்பப் புத்தி. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டியது இதுதான்.

5

காலையில் அவள் பின்சீட்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுக் காலிக் கூடைகளை ஏற்றுவதைப் பார்த்தேன். நான் வருவதற்காகத்தான் அந்த சீட்டைத் திரும்ப மாட்டியிருந்தாள். அவளைத் தனியாக விட மனம் வரவில்லை. முன்னால் ஏறி உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கியரைப் போட்டாள்.

நன்றாக ஓட்டினாள். என்னைவிட நன்றாக என்றே சொல்லலாம். ஏரல் சந்தையில் வியாபாரிகள் அவளுக்கு வழிவிட்டார்கள். ஒரு வாழைக்காய்க் கடைக்காரர், "தங்கச்சி, யாரு இது? புது டிரைவரா?" என்றார். "எங்க அண்ணன். லண்டன்ல இருக்காரு" என்றாள். நான் லண்டனில் இல்லை. அதைத் திருத்தவும் இல்லை.

திரும்பும்போது கூரைவரை சரக்கு. புதுக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு லேசாக இறங்கும். உடைமர நிழலில் இருந்து ஓர் ஆட்டு மந்தை திடீரென்று ரோட்டில் ஏறியது. பிலோமி பிரேக்கை மிதித்தாள். இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. கார் வேகம் குறையாமல் இடதுபக்கம் இழுத்தது. அவள் கியரைத் தட்டி இறக்கினாள், கைப்பிரேக்கை இழுத்தாள், ஸ்டியரிங்கை ஒடித்து ரோட்டோர மணலில் விட்டாள். கார் மணலைக் கிழித்துக்கொண்டு போய் ஓர் உடைமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கூடைகள் எங்கள் முதுகில் சரிந்தன. ஓர் ஆட்டுக்கும் அடி இல்லை.

மேய்ப்பவர் கம்போடு ஓடிவந்தார். "ஏலே, கண்ணு தெரியலையா?" என்று கத்தியவர், ஓட்டியது பெண் என்று கண்டதும் கம்பைக் கீழே இறக்கினார்.

"தப்புதான் அண்ணாச்சி. பிரேக்கு போயிட்டு" என்றாள் பிலோமி. குரல் நிதானமாக இருந்தது.

"நேத்தே மாட்டியிருக்கணும். எம்மேலதான் தப்பு" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அழுவியா என்ன? அதுக்கு நேரமில்ல. சரக்க இறக்கு."

அந்த வழியே வந்த உப்பு லாரியைக் கைகாட்டி நிறுத்தினாள். உப்பளத்துக்குக் காலியாகத் திரும்பும் வண்டி. கூடைகளை நாங்களே தூக்கி ஏற்றினோம். அவள் அதில் ஏறித் துறைமுகம் போனாள். நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், புது டிஸ்க்கை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அதற்குள் தகவல் கேட்டு வந்த தங்கராஜ் அண்ணாச்சி காரை மெதுவாக உருட்டித் தன் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோயிருந்தார். பனங்காட்டுப் பக்கத்து ஆள், குறைவாகப் பேசுபவர். பழைய தட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"தேய்ஞ்சத மாத்திரலாம் அண்ணாச்சி. துருப்பிடிச்சு இறுகிக் கெடந்தாத்தான் பாவமா இருக்கும். தங்கச்சி ஒரு நாளு சும்மா இருந்ததில்ல."

இரண்டு பேரும் சேர்ந்து மாட்டினோம். நான்கு மணிக்கு பிலோமி பஸ்ஸில் வந்து இறங்கினாள். சரக்கு கப்பலில் ஏறிவிட்டதாம். ஒரு கூடை தக்காளி நசுங்கியதற்குச் சமையல்காரரிடம் பேச்சு வாங்கினாளாம். அதைச் சொல்லிச் சிரித்தாள்.

6

காரை அவள் பெயருக்கு மாற்றிவிடுவது என்று மணலில் நின்றபோதே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்வது சுலபம். பத்திரத்தின் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு தாள் வாங்கச் சுங்க அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். பிறகு திருநெல்வேலியில் வண்டிப் பதிவு அலுவலகம். பிலோமிதான் ஓட்டிக்கொண்டு போனாள்.

குமாஸ்தா விண்ணப்பப் பாரத்தைப் படித்தார். "சார், உங்க நிரந்தர முகவரியும் கடற்கரைத் தெரு, வாங்குறவங்க முகவரியும் அதே வீடு. நீங்க அங்கயா இருக்கீங்க?"

"இல்ல. இங்கிலாந்துல."

"எத்தனை வருஷமா?"

"பன்னிரண்டு."

"அப்போ அதைத்தான எழுதணும்?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பாரத்தில் இருக்கும் கட்டத்தைத்தான் கேட்டார். பாஸ்போர்ட், வங்கி, தேவாலயம் என்று எந்தத் தாளானாலும் நிரந்தர முகவரி என்ற இடத்தில் நான் கடற்கரைத் தெருவைத்தான் எழுதி வந்தேன். ஹல்லில் இருப்பது தற்காலிகம். பேனாவை எடுத்துப் பழைய முகவரியை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, ஹல் வீட்டின் கதவு எண்ணையும் தெருவையும் எழுதினேன். அடித்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

"வண்டிய ஓட்டுறது யாரும்மா? வீட்டுக்காரரா?"

"நான்."

"வாடகைக்கா?"

"இல்ல சார். என் சரக்குக்கு."

அவர் லைசென்ஸைக் கேட்டு வாங்கி, புகைப்படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஸ்டாம்பைக் குத்தினார்.

7

பரிசோதகர் சான்றிதழ் தராத அன்று மாலை மேரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறவள். கார் வாசலில் நிற்க, மழையில் நடந்து போகிறவள். "நான் ஓட்டிப் பழகட்டுமா?" என்றாள். எத்தனை வருஷமாகக் கேட்க நினைத்திருந்தாளோ. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. டிஸ்க்கை மாற்றிச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். நேற்று முதல் பாடம். ரீட்டா பின்சீட்டில் இருந்துகொண்டு, "அம்மா, பிரேக்! பிரேக்!" என்று கூவினாள். ஆறு மாதத்துக்குள் மேரி தனியாக வேலைக்கு ஓட்டிப் போவாள். போக வைப்பேன்.

பிலோமிக்கு இன்று கடிதம் எழுதினேன். பிள்ளைகளின் படிப்பு, அந்தோணியின் முதுகுவலி, எந்தெந்தக் கப்பல் வந்தது என்று ஐந்தாறு கேள்விகள். கடைசியில் இடம் பத்தவில்லை.

எழுதும்போது சென்ற ஆண்டு நான் கிளம்பிய நாள் நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் என்னை வழியனுப்ப வீடே ரயிலடிக்கு வரும். வண்டி நகரும்வரை பிலோமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அன்று மத்தியானம் அவள் மட்டும் காரில் கொண்டுவந்து விட்டாள். பின்னால் கொத்தவரங்காயும் எலுமிச்சையும். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மணியைப் பார்த்தாள்.

"அண்ணே, நான் நிக்கல. சாயங்காலம் கப்பல் எடுத்துருவான். போயிட்டு லெட்டர் போடு."

"சரி, போ."

என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள். அவள் கை காய்ப்பேறி இருந்தது. அடுத்த நிமிஷம் கார் ரயிலடி வாசலைக் கடந்துவிட்டது. தெருமுனையில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. பின்விளக்கு இரண்டும் சிவந்தன. அத்தனை பாரத்தோடும் கார் எந்தப் பக்கமும் இழுக்காமல், மிதித்த இடத்திலேயே நின்றது. மாட்டுவண்டி போனதும் கார் துறைமுகத்துப் பக்கம் திரும்பி மறைந்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு நான் என் ரயிலைத் தேடிப் போனேன்.